பேச்சுவார்த்தை இல்லை

இந்த ஆண்டு போகிக்கு முன் வீட்டை ஒழித்துத் துடைத்தபோது, அலமாரியின் அடித்தட்டில் பழைய மின்கட்டண அட்டைகளுக்கு நடுவில் நாற்பது பக்க நோட்டு ஒன்று அகப்பட்டது. அட்டையில் 'தண்ணீர் – 2019' என்று என் கையெழுத்தில் எழுதியிருந்தது. சென்னை மடிப்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் எட்டு வீட்டு அடுக்ககத்துக்கு அந்த ஆண்டு நான்தான் சங்கப் பொருளாளர். லாரி வந்த நாள், அதற்குக் கொடுத்த பணம், எந்த வீட்டு மோட்டார் எத்தனை மணிக்குப் போடப்பட்டு எத்தனை மணிக்கு நிறுத்தப்பட்டது என்பவற்றையெல்லாம் அதில் குறித்து வந்திருக்கிறேன். நின்றபடியே புரட்டத் தொடங்கியவன், தரையில் உட்கார்ந்து கடைசிப் பக்கம்வரை படித்தேன்.

மே மாதப் பக்கங்களில் 'ஜி-1: 6.10 முதல் 6.55 வரை' என்று மட்டும் இருக்கிறது. ஜி-1 என்பது தரைத்தளத்து வீடு. ஜூன் முதல் வாரத்தில் அதே வரிக்குப் பக்கத்தில் '15 நிமிடம் கூடுதல்' என்ற குறிப்பு சேர்கிறது. ஜூன் நடுவில் 'ஜி-1 இன்றும் கூடுதல்' என்று எழுதியிருக்கிறேன். எத்தனை நிமிடம் என்பதை எழுதவில்லை. மாதக் கடைசியில் 'கீழ்வீட்டார் வழக்கம்போல' என்று இருக்கிறது. ஜூலையில் ஒரு பக்கத்தில் 'இவர்கள் இப்படித்தான்' என்ற இரண்டே சொற்களை எழுதி, அவற்றின் கீழ் இருமுறை கோடும் இழுத்திருக்கிறேன். ஏழு வாரத்துக்குள் நேரம் போய், அளவு போய், வீட்டு எண்ணும் போய், அந்தக் குடும்பம் மட்டுமே தாளில் எஞ்சியிருந்தது. பகை எப்படி முளைக்கிறது என்பதை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக எழுதிப் படித்திருக்கிறேன். அது முளைத்து வளர்வதை நாள்வாரியாகவும் என் கையெழுத்திலேயும் பார்த்தது அன்றுதான்.

அந்தக் கோடையை இந்த ஊரில் கழித்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் சேர்ந்து ஏறத்தாழ 11 டி.எம்.சி. தண்ணீர் கொள்ளும், அந்த ஜூன் மாதம் அவை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்து என் அம்மா கண் கலங்கினார். எங்கள் போர்வெல் மே மாதமே காற்று இழுக்கத் தொடங்கிவிட்டது. லாரிக்கு இன்று சொல்லிவைத்தால் நான்கு நாள் கழித்து வரும். வருகிற 9,000 லிட்டரைக் கீழேயுள்ள பொதுச் சம்ப்பில் இறக்குவார்கள். அதிலிருந்து ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் மோட்டாரைப் போட்டு, மொட்டைமாடியிலுள்ள தத்தம் ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு ஏற்றிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு முப்பது நிமிடம் என்று சங்கக் கூட்டத்தில் முடிவாயிற்று. நிமிடக் கணக்கு என்ற அந்த யோசனையைச் சொன்னவன் நான்.

ஜி-1 வீட்டார் எங்களுக்கு நெடுநாள் பழக்கம். அந்த வீட்டம்மா என்னை அண்ணா என்றும் என் மனைவியை அண்ணி என்றும் அழைப்பார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளம் மூழ்கியபோது அவர்கள் மூவரும் ஐந்து நாள் எங்கள் வீட்டில்தான் தங்கினார்கள்; இரு வீட்டுப் பெண்பிள்ளைகளும் ஒரே போர்வையில் படுத்து விடியும்வரை பேசிக்கொண்டிருப்பார்கள். இவ்வளவு இருந்தும், மோட்டார் ஏன் இத்தனை நேரம் ஓடுகிறது என்று ஒருநாள்கூட நான் கீழே இறங்கிப் போய்க் கேட்கவில்லை. பதினேழு படிகள்தான். கேட்பதற்குப் பதிலாக அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினேன். 'சிலர் பொதுத் தண்ணீரைக் கூடுதலாக எடுத்துக்கொள்வது வருத்தத்திற்குரியது' என்பது அதன் வாசகம்.

மறுநாள் காலை கீழ்வீட்டுக்காரர் மேலே வந்தார். "யாருன்னு பேரைப் போட்டே எழுதுங்க சார்" என்றார்.

"நான் பொதுவாத்தான் எழுதினேன்" என்றேன்.

"பொதுவா எழுதினா, எட்டு வீடும் எங்களைத்தானே சார் பாக்குது?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பின் இரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். "சித்தப்பா வீட்டோட எங்களுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது" என்று நம் குடும்பங்களில் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். அதே நாள் நாளிதழில், இரு நாடுகளுக்கிடையே நடந்த பேச்சுவார்த்தை முறிந்தது என்று படிக்கிறோம். ஒரு வீட்டின் மௌனத்துக்கும் இரு நாடுகளின் மௌனத்துக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பேச்சு நின்ற பிறகு அந்த இடம் வெறுமையாக இருப்பதில்லை என்பதை நான் அனுபவித்து அறிந்தேன். எதிராளியைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளும் கதை அங்கே வந்து குடியேறிவிடுகிறது. அதை மறுத்துச் சொல்ல அவர் அங்கே இல்லை. கீழ்வீட்டுக் கதவு காற்றில் அடித்துச் சாத்தினால் அது எங்களுக்காகவே சாத்தப்பட்டது. அவர்கள் புதிதாகத் துணி துவைக்கும் இயந்திரம் வாங்கியபோது, "எல்லாம் நம்ம தண்ணிலதான்" என்றேன். என் மகள் அப்போது ஏழாம் வகுப்பு. நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. ஆகஸ்டு மாதத்துக்குள் அவள் கீழ்வீட்டுப் பெண்ணோடு பள்ளி வேனில் ஒரே இருக்கையில் உட்காருவதை நிறுத்தியிருந்தாள்.

சண்டை, மனத்தாங்கல், பிணக்கு, பகை, வன்மம் என்று நம்மிடம் பல சொற்கள் உண்டு. நாம்தான் அவற்றை ஒன்றுபோலப் புழங்குகிறோம். சண்டைக்கு ஒரு பொருள் இருக்கும்: வரப்பு, வழிப்பாதை, குழாயடி, கடன் என்று ஏதோ ஒன்று. அந்தப் பொருள் தீர்ந்தால் சண்டையும் தீரும், தீராவிட்டாலும் அதன் எல்லை நமக்குத் தெரியும். பகையில் பொருள் விலகிப்போய் ஆள் மட்டும் நிற்கிறார். என் நோட்டில் அந்த மாற்றம் ஜூன் மாத நடுவில் எங்கோ நடந்திருக்கிறது. பிரித்தலைக் குறிக்கும் 'பகு' என்ற வினையடியிலிருந்தே 'பகை' வந்ததாகச் சொல்லாய்வு செய்தோர் கூறுவர். இகலை, அதாவது மாறுபாட்டை, பற்றிப் பேசும் அதிகாரத்தை வள்ளுவர் தொடங்குவதே, பிற உயிரோடு கூடாமல் பிரிந்து நிற்பதைப் 'பகல்' என்று பெயரிட்டு, அதைப் பரப்பும் நோய்தான் இகல் என்று சொல்லித்தான். பங்கு பெறுபவனையே பங்காளி என்கிறோம். கிராமத்தில் தீராப் பகைக்கும் பங்காளிப் பகை என்றே பெயர். நமக்கு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவரைப் பகைப்பது எளிதன்று. ஒரே சம்ப்பில் தண்ணீர் எடுப்பவர்களுக்குள்தான் அது எளிதாக வருகிறது.

ஆயினும் பங்கிடும் பொருள் குறைவாக இருப்பது மட்டுமே பகைக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஹென்றி டாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் சிறைப்பட்டுப் பிழைத்துத் திரும்பியபோது அவருடைய குடும்பத்தில் ஏறத்தாழ எவருமே உயிரோடு இல்லை. வெறுப்பு எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி அவருக்கு ஏட்டுக் கேள்வியாக இருந்திருக்க முடியாது. 1970ஆம் ஆண்டையொட்டி அவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பள்ளிச் சிறுவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்தார். நீ க்ளேயின் ஓவியங்களை விரும்புகிறாய், நீ கண்டின்ஸ்கியின் ஓவியங்களை விரும்புகிறாய் என்று அவர்களிடம் சொல்லப்பட்டாலும், உண்மையில் குழுக்கள் எந்த அடிப்படையும் இன்றியே பிரிக்கப்பட்டிருந்தன. பிறகு, பெயர் தெரியாத மற்றச் சிறுவர்களுக்கிடையே சிறு தொகைகளைப் பங்கிடச் சொன்னார். பங்கிடுபவனுக்கு அதில் ஒரு காசும் கிடைக்காது. தம் குழுவுக்கு அதிகம் கொடுத்தார்கள் என்பது எதிர்பார்க்கக்கூடியதே. என்னை உலுக்கியது வேறு ஒன்று: தம் குழுவுக்குக் கிடைக்கும் தொகை குறைந்தாலும் சரி, எதிர்க் குழு அதைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும் என்ற வகையில் பலர் பங்கிட்டார்கள்.

அது என்னை உலுக்கியதற்குக் காரணம் என் நோட்டிலேயே இருக்கிறது. ஜூலைக் கூட்டத்தில் இரண்டாம் மாடி எஸ்-2 வீட்டம்மா, ஆளுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு 12,000 லிட்டர் லாரிக்கு மாறிவிட்டால் இந்த நிமிடக் கணக்கே வேண்டாமே என்றார். எல்லாருக்கும் கூடுதல் தண்ணீர் கிடைத்திருக்கும், எங்களுக்கும்தான். நான் எதிர்த்தேன். செலவைக் காரணமாகச் சொன்னேன். உண்மையில், பெரிய லாரி வந்தால் கீழ்வீட்டாருக்கும் தாராளமாகக் கிடைத்துவிடுமே என்பதுதான் என் மனத்தில் இருந்தது. எஸ்-2 வீட்டம்மாவின் யோசனை அன்று தோற்றது. எட்டு வீடுகளும் மேலும் ஒரு மாதம் வாளியில் அளந்து குளித்தன.

இந்த நகரம் பிறந்து வளர்ந்த கதையிலேயே இத்தகைய வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொள்ள விரும்புவோர் ஜார்ஜ் டவுனில் பிரகாசம் சாலையில், அதாவது பழைய பிராட்வேயில், ஒருமுறை நடந்து பார்க்கலாம். அதன் கிழக்கே முத்தியால்பேட்டை, மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை. சோழர் காலக் கல்வெட்டுகள் தொட்டே பேசப்படும் வலங்கை, இடங்கை என்ற இரு சாதித் தொகுதிகள் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு வெளியே இருந்த கறுப்பர் நகரத்தில் பல தலைமுறைகள் மோதிக்கொண்டன. 1652லேயே, அதாவது கோட்டை எழுந்து பன்னிரண்டு ஆண்டுக்குள், அவர்களுக்குள் கலவரம் மூண்டது. தாமஸ் பிட் ஆளுநராக இருந்தபோது 1707இல் மீண்டும் மூண்டது. எந்தப் பிரிவின் திருமண ஊர்வலம் எந்தத் தெருவழியே போகலாம் என்பதுதான் வழக்கு. வலங்கையைச் சேர்ந்த பலர் நகரைவிட்டே வெளியேறிச் சாந்தோமில் போய் இருந்தனர். நெசவும் வணிகமும் தடுமாறின. கடைசியில் வலங்கைக்குப் பெத்தநாயக்கன்பேட்டை, இடங்கைக்கு முத்தியால்பேட்டை என்று பகுத்துக் கொடுத்தார்கள். இரண்டு பேட்டைகளுக்கும் நடுவே ஓடிய வடிகால்பள்ளம் பின்னாளில் தூர்க்கப்பட்டுத்தான் பிராட்வே ஆயிற்று.

தெரு, பல்லக்கு, கொடி, மேளம் என்று அந்த வழக்குகளில் வரும் பொருள்களைப் பார்த்தால், இவற்றுக்காகவா ஊரைவிட்டுப் போனார்கள் என்று தோன்றும். ஆனால் அடியில் வேறொன்றும் ஓடிக்கொண்டிருந்தது. இரு தரப்பிலும் கிழக்கிந்தியக் கும்பெனியோடு துணி வாணிகம் செய்த பெருவணிகர்கள் இருந்தார்கள். கோமுட்டிச் செட்டிகள் வலங்கை, பேரிச் செட்டிகள் இடங்கை. கும்பெனியின் கொள்முதல் யார் கைக்குப் போவது என்ற போட்டி மேலே நடந்தது. தெருவில் தடியெடுத்தவர்கள் அந்தக் கொள்முதலில் ஒரு முழம் துணியும் பார்த்திராதவர்கள். அவர்களுக்கு மேளம்தான் மானம். வணிகப் போட்டியை மட்டும் சொல்லி யாரையும் உயிர்விடச் சொல்ல முடியாது, மானத்தைச் சொல்லிச் சொல்லலாம். இதைச் சொல்லும்போது அந்த எளிய மக்களை ஏமாளிகள் என்று நான் கருதவில்லை. மதிக்கப்படாமல் வாழ்ந்த ஒருவருக்கு, ஆண்டுக்கொரு நாள் தன் தெருவழியே தலைநிமிர்ந்து போகும் ஊர்வலம் எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்பதை நாம் எளிதில் புறந்தள்ளிவிடக் கூடாது.

இன்று அதே பிராட்வேயில் நூறு பேரை நிறுத்தி, உங்கள் முன்னோர் வலங்கையா இடங்கையா என்று கேட்டால் பெரும்பாலோருக்குக் கேள்வியே புரியாது. கும்பெனியின் வாணிகம் மாறியது, நீதிமன்றங்கள் வந்தன, அந்தப் பிரிவினால் யாருக்கும் பயனில்லாமல் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் அது மங்கி மறைந்தது. இதில் ஆறுதல் கொள்ளலாம் என்று நினைக்கும்போதே, அது விட்டுச்சென்ற இடத்தில் வேறு பிரிவுகள் வந்து உட்கார்ந்ததும் நினைவுக்கு வருகிறது.

ஜார்ஜ் டவுனிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் புளியந்தோப்பு. பக்கிங்ஹாம், கர்நாட்டிக் ஆலைகளின் தொழிலாளர்கள், 1918இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின்கீழ், சாதியும் மதமும் பாராமல் ஒரே வாசலில் நின்றவர்கள். 1921 கோடையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். அதற்கு முந்தைய வேலைநிறுத்தம் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. இன்னொன்றைத் தாங்கும் கையிருப்பு அவர்களிடம் இல்லை. குடியிருப்பில் விலக்கிவைப்பவர்கள் ஆலைவாசலில் மட்டும் ஒற்றுமை கேட்கிறார்கள் என்ற மனக்குறைக்கும் இடமிருந்தது. அந்தப் பிளவு நிர்வாகத்துக்கும் அரசுக்கும் கைகொடுத்தது. கூலியைப் பற்றிய சண்டை சில வாரங்களில் சாதிச் சண்டையாக மாறி, குடிசைகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அக்டோபரில் வேலைநிறுத்தமும் தோற்றது. இங்கே பகையை 'இரு தரப்பும்' என்று சமமாக எடைபோட என்னால் முடியாது. ஒரு தரப்பு நெடுங்காலமாக விலக்கப்பட்டிருந்தது. அந்தக் குறையை யாரும் கேட்டுத் தீர்க்காமல் இருந்ததனால்தான் மூன்றாமவர் கை வைக்க அங்கே இடம் கிடைத்தது.

காவிரியைப் பற்றி எழுதாமல் தண்ணீர்ப் பகை பற்றி ஒரு சென்னைக்காரன் எழுதிவிட முடியாது. என் தங்கை திருமணமாகிப் பெங்களூருக்குப் போனது 1994இல். அதற்கு மூன்று ஆண்டு முன்புதான், 205 டி.எம்.சி. விடவேண்டும் என்ற நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை அடுத்து அங்கே தமிழர் தாக்கப்பட்டிருந்தனர். 2016 செப்டம்பரில் மீண்டும் கலவரம். "வண்டியைத் துணி போட்டு மூடி வெச்சிருக்கோம்ண்ணா, நம்பர் பிளேட் நம்ம ஊருது" என்று தொலைபேசியில் மெல்லிய குரலில் சொன்னாள். தன் வீட்டுக்குள்ளேயே ஏன் அவள் குரலைத் தாழ்த்தினாள் என்று அப்போது நான் கேட்கவில்லை. அதே நாள்களில் இங்கே மயிலாப்பூரில் கன்னடர் நடத்தும் ஓர் உணவு விடுதியில் கண்ணாடிகள் உடைக்கப்பட்டன. அந்த வட்டாரத்தில் எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்காகக் காலையில் காப்பி குடித்த இடம் அது.

1892, 1924 ஒப்பந்தங்கள் தொடங்கி, 2007 இறுதித் தீர்ப்பு, தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் சொன்னதுவரை இந்த வழக்கின் காகிதங்களைப் படித்தால் ஒன்று விளங்கும். நல்ல மழை பெய்த ஆண்டுகளில் எந்த ஒப்பந்தத்தையும் யாரும் தேடுவதில்லை. 2018 ஜூலையில் மேட்டூர் நிரம்பியபோது இரு மாநிலத்திலும் ஒருவரையொருவர் ஏசியவர்கள் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. பற்றாக்குறை ஆண்டில்தான் எல்லாம். அப்போதும் இரு தரப்பும் அளக்கும் கோல் வேறு. ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தால்தான் குறுவை என்று தஞ்சை விவசாயி நாளை எண்ணுகிறார்; கிருஷ்ணராஜசாகரில் எத்தனை அடி நிற்கிறது என்று மண்டியா விவசாயி மட்டத்தைப் பார்க்கிறார். இருவர் அச்சமும் நியாயமானது. எதிரில் இருப்பவரின் அச்சம் நம் காதுக்குப் பேராசையாக வந்து சேர்கிறது. தமிழனாக, கடைமடைக்காரனின் உரிமை மறுக்கப்பட்டதென்றே நான் இன்றும் நம்புகிறேன். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டே, மண்டியாவில் கருகிய கரும்பைப் பற்றியும் நான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். பல ஆண்டுகள் தெரிந்துகொள்ளவில்லை.

நாடுகளுக்கிடையே வரும் பகை இதிலிருந்து சற்று வேறானது, ஏனெனில் பெரும்பாலும் அதை நமக்குப் பிறர் தருகிறார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் இந்த ஊர்மீது குண்டு வீசியது. துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன, உயிர்ச்சேதமும் உண்டு, ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். அத்தனைக்கும் பிறகு தமிழில் எஞ்சியது என்ன? "அவன் பெரிய எம்டன்" என்று, துணிச்சலும் சூழ்ச்சியும் மிக்கவனைச் சற்று வியப்போடு சுட்டும் ஒரு சொல். குண்டு வீசியவர்மீது பகை வேர்விடவில்லை. அந்தப் போர் பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் நடந்தது. நம் மக்களுக்கு ஜெர்மானியரோடு பங்குமில்லை, பழங்கதையுமில்லை.

இரண்டும் இருக்கும் இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. 1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை, சேப்பாக்கத்தில் இருந்தேன். பாகிஸ்தான் அணி பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு இந்தியாவில் டெஸ்ட் ஆட வந்திருந்தது. வெற்றிக்கு 271 தேவை. சச்சின் 136 அடித்து அணியை 254க்குக் கொண்டுவந்து ஆட்டமிழந்தார். அதன்பின் நான்கே ஓட்டங்களில் மீதி மூவரும் போய்விட, 12 ஓட்டத்தில் தோற்றோம். மைதானம் முழுவதும் சில நொடி பேச்சற்றிருந்தது. பிறகு ஒரு பக்கம் கைதட்டல் எழுந்தது, மறுபக்கம் எழுந்தது, எல்லாரும் எழுந்து நின்றோம். வசீம் அக்ரம் தம் அணியோடு மைதானத்தைச் சுற்றி வந்தார். எனக்குப் பக்கத்தில் நின்ற முதியவர் அழுதுகொண்டே கைதட்டினார். தோல்விக்காக அழுதாரா, அந்தக் காட்சிக்காக அழுதாரா என்று தெரியாது. நானும் அப்படித்தான் நின்றேன்.

மே மாதம் கார்கில் போர் வந்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட நம் வீரர்கள் உயிர் கொடுத்தார்கள். அந்தத் துயரமும் அதனால் எழுந்த சினமும் நேர்மையானவை, அவற்றைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் ஜூன் 8 அன்று மான்செஸ்டரில் உலகக் கோப்பை ஆட்டத்தில் அதே வசீம் அக்ரமின் அணியை நாம் வென்றபோது, தெருவில் வெடித்த பட்டாசுகளுக்கு நடுவே நான் கத்திய சொற்கள் எல்லை தாண்டி வந்த படையைப் பற்றியவை அல்ல. ஒரு நாட்டின் மக்கள் அனைவரையும், நான்கு மாதம் முன் நான் எழுந்து நின்று கைதட்டியவர்களையும் சேர்த்து, ஒரே சொல்லில் கட்டிப் பேசினேன். 'இவர்கள் இப்படித்தான்.' அச்சு மாறாமல் இதையே இருபது ஆண்டு கழித்துத் தண்ணீர் நோட்டில் எழுதப்போகிறேன் என்று அன்று எனக்குத் தெரியாது. பள்ளிப் பாடத்திலோ மேடைப் பேச்சிலோ இந்த வாக்கியம் யாரும் கற்றுத்தராமலே நாவில் வந்து நிற்கிறது. கற்றுத்தருபவர்களும் இருக்கும்போது அது எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதை நாம் இப்போது கைப்பேசித் திரையில் நாள்தோறும் பார்க்கிறோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மடிப்பாக்கத்தைத் தண்ணீரில் நிறுத்தியது. நான்காம் தேதி மாலை தரைத்தளத்துக்குள் முழங்கால் ஆழம் ஏறியது. மின்சாரம் இல்லை. எங்கள் வீட்டுக் கதவைத் திறந்துவைத்து, வாசலில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தாள் என் மனைவி. ஜி-1 வீட்டார் ஒரு பையும் ஒரு பெட்டியுமாகப் படியேறி வந்தார்கள். அந்தப் பெண் வளர்ந்து கல்லூரி மாணவியாகியிருந்தாள். திறந்த கதவைத் தாண்டி, எங்களைப் பார்க்காமல், இரண்டாம் மாடிக்கு எஸ்-2 வீட்டுக்குப் போனார்கள். மூன்று இரவும் அங்கேதான் இருந்தார்கள். ஆபத்து வந்தால் பகை கரையும் என்பார்கள். அப்படிக் கரைந்ததைச் சிலர் கண்டிருக்கலாம். என் வீட்டு வாசலில் அது கரையவில்லை.

நோட்டைக் கண்டெடுத்து இரண்டு வாரம் கழிந்து, பொங்கல் கழிந்த பின், எங்கள் மோட்டார் தண்ணீர் ஏற்றாமல் வெறுமனே உறுமத் தொடங்கியது. பல ஆண்டாக எங்கள் கட்டடத்துக்கு வரும் பிளம்பர் சம்ப்பில் இறங்கிப் பார்த்துவிட்டு, "ஃபுட் வால்வு போயிடுச்சு சார், காத்து புடிக்குது" என்றார். வால்வைக் கழற்றியபடியே தொடர்ந்தார்: "ஜி-ஒன்ல ரொம்ப வருஷமா இதே தொல்லைதான். போட்டதும் கால் மணி நேரம் சும்மா ஓடும், அப்புறம்தான் தண்ணி எடுக்கும். பணம் இல்ல, அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளிப் போட்டுட்டே இருந்தாங்க. வெள்ளத்துக்கப்புறம்தான் மாத்திக் கொடுத்தேன்."

6.10 முதல் 6.55 வரை. நாற்பத்தைந்து நிமிடத்தில் முதல் பதினைந்து நிமிடம் அவர்களுக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் ஏறவில்லை. நான் நிமிடத்தை அளந்தேன், லிட்டரை அளக்கவில்லை. ஆயிரம் லிட்டர் தொட்டியில் ஆயிரத்துக்கு மேல் ஏறவும் வழியில்லை என்பதுகூட அப்போது என் அறிவுக்கு எட்டவில்லை. கீழ்வீட்டுக்காரருக்கு அந்த ஆண்டு வேலை போயிருந்தது என்பதையும் பிளம்பர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று மாலையே நோட்டை எடுத்துக்கொண்டு கீழே போனேன். அவர்தான் கதவைத் திறந்தார். வாசலில் நின்றபடி, நான் எழுதியது தவறு, கேட்காமல் எழுதியது அதைவிடத் தவறு என்று சொன்னேன். பக்கத்தைத் திறந்து காட்டவும் செய்தேன். அவர் நோட்டை வாங்கவில்லை. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பொண்ணு காலேஜ்ல சேந்தப்ப உங்ககிட்டதான் கேக்கணும்னு இருந்தேன் சார், எந்தக் கோர்ஸ் நல்லதுன்னு" என்றார். பிறகு, "அதெல்லாம் எதுக்கு சார் இப்ப" என்று சொல்லிக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார். நான் மேலே வந்துவிட்டேன். என் மனைவி எதுவும் கேட்கவில்லை.

ஏப்ரலில் மீண்டும் போர்வெல் தண்ணீர் இறங்கியது. இப்போது பொருளாளர் வேறொருவர், ஆனாலும் லாரிக்காரர் எண் என்னிடம்தான் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை மாலை மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டம்மா தன் பக்கத்துக் கொடியில் உலர்ந்த புடவையை மடித்துக்கொண்டிருந்தார். அண்ணா என்றோ சார் என்றோ அழைக்காமல், புடவையிலிருந்து கண்ணை எடுக்காமல், மொட்டையாகக் கேட்டார்: "நாளைக்கு லாரி எத்தனை மணிக்கு?"

"ஆறரைக்கும்மா" என்றேன். "பன்னிரண்டாயிரம் லிட்டர் சொல்லியிருக்கு."